நான்கு வரி இடம்

ஓர் ஊழியர் மீது குற்றம் சாட்டினால் அதை அவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். விளக்கம் தர அவகாசம் கொடுக்க வேண்டும். விளக்கம் வந்த பிறகே, அல்லது வராது என்று உறுதியான பிறகே, முடிவு எழுத வேண்டும். அலுவலகங்களில் இதைப் பதினேழு-பி என்று சுருக்கமாகச் சொல்வோம். "அவனுக்குப் பதினேழு-பி போட்டாச்சு" என்றால் கேட்பவர் முகம் சுருங்கும். அது தண்டனையின் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கேள்வியின் பெயர். 'நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்பதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் எண்.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த விதி கிடையாது. 'நான்' என்று தொடங்கிவிட்டால் போதும். மாமியார், மேலதிகாரி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரை வேண்டுமானாலும் விசாரணை இல்லாமல் முடித்துவிடலாம். மேல்முறையீடும் இல்லை. இது பெரிய அநியாயம் என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தின் தட்டச்சர்.

கம்பம் பள்ளத்தாக்கின் வாய்க்கால் தண்ணீரைக் கவனித்துவந்த அலுவலகம் அது. எந்த அலுவலகம் என்று சொல்வதாக இல்லை. ஓய்வு பெற்றாலும் சில பழக்கங்கள் போவதில்லை. நான் அங்கே கண்காணிப்பாளர். தட்டச்சர் போடியிலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோவார். ஏலக்காய் வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பம். ஒல்லியான உடம்பு, விறைப்பான பருத்திச் சேலை, இடுப்பில் எப்போதும் ஒரு பழைய கைக்குட்டை. தட்டச்சு இயந்திரத்தில் 'ற' மட்டும் வரியை விட்டு மேலே ஏறி நிற்கும். "மத்ததெல்லாம் வரிசையில நிக்குது, இது ஒண்ணுதான் எட்டிப் பாக்குது. இருந்துட்டுப் போகட்டும்" என்பார். பழுது பார்க்க விடவில்லை.

மதிய இடைவேளையில் நாவல் படிப்பார். கையில் பென்சில் இருக்கும். 'நான்' என்று யாராவது கதை சொல்லும் நாவலாக இருந்தால், அந்த 'நான்' அடுத்தவரைக் குறை சொல்லும் இடங்களில் எல்லாம் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று ஒருமுறை விதியை நினைவூட்டினேன்.

"எழுதலை சார், புள்ளிதான் வைக்கிறேன். விசாரிக்க வேண்டிய இடம்."

"கதையில என்னம்மா விசாரணை?"

"இந்தாளைப் பாருங்க. பொண்டாட்டி சிடுசிடுப்புன்னு மூணு பக்கம் எழுதியிருக்கான். பதினெட்டு வருசம் அந்தப் பொம்பளை சோறு பொங்கிப் போட்டதை ஒரே வரியில தாண்டிப் போயிட்டான். எதை இழுத்துச் சொல்றான், எதைத் தாண்டிப் போறான்னு பாத்தாலே தெரியுதுல்ல?"

"என்ன தெரியுது?"

"அவ யாருன்னு தெரியலை. இவன் யாருன்னு தெரியுது."

இலக்கியம் பற்றிப் பின்னாளில் நான் கேட்ட உரைகள் எதிலும் இவ்வளவு சிக்கனமாக யாரும் பேசவில்லை. ஆனால் அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. உலகம் முழுவதும் கதாநாயகன் பக்கம் நிற்கும்போது ஒரு ஆள் மட்டும் வில்லன் வீட்டு வாசலில் போய் நின்று, 'நீங்க என்ன சொல்றீக?' என்று கேட்டால் எப்படி இருக்கும்?

புத்தகத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர்களிடமும் அதே வேலை. எங்கள் கணக்கர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமியார் கதை சொன்னார். பொங்கலுக்குப் போன மருமகனுக்கு அந்த அம்மா ஆறிய இட்லி வைத்த கதை. நன்றாகத்தான் சொன்னார். அலுவலக உதவியாளர் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார். தட்டச்சர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"எத்தனை மணிக்குப் போனீக?"

"அது... ஒரு பதினொரு மணி இருக்கும்."

"வர்றதா எத்தனை மணிக்குச் சொல்லியிருந்தீக?"

கணக்கர் ஊறுகாயைத் தேடினார். உதவியாளர்தான் சொன்னார்: "ஆத்தாடி, இந்தம்மாகிட்ட சாட்சி சொல்லப் போனாலும் குத்தவாளியாத்தான் திரும்பணும்!"

சிரிப்பு இப்போது வேறு பக்கம் திரும்பியது. கணக்கர் அதன் பிறகு அவர் இருக்கும்போது குடும்பக் கதை சொன்னதில்லை. நானும்தான். எனக்குப் பதவி உயர்வு தள்ளிப்போன ஆண்டில் அதற்குக் காரணமான அதிகாரியைப் பற்றி அரை மணி நேரம் அவரிடம் கொட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அவுகளை எனக்குத் தெரியாது சார். உங்களைத்தான் தெரியும்" என்றார். அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மேலே எழுதியதைப் படித்தால் அவர் வெடுக்கென்று பேசுகிறவர் என்று தோன்றும். அப்படி இல்லை. தாழ்ந்த குரல், கேட்டுவிட்டுத் தானே சங்கடப்படுவார். குரலை நான் எழுதவில்லை, கேள்வியை மட்டும் எழுதினேன். அவ்வளவில் அவர் கடுமையானவர் ஆகிவிட்டார். பாருங்கள், எவ்வளவு சுலபம்.

தன் விஷயத்திலும் அவர் சலுகை எடுத்துக்கொண்டதில்லை. அக்காவோடு சண்டை போட்டுவிட்டு ஒருநாள் காலை உதடு துடிக்க வந்தார். அப்பா வீட்டு அலமாரியைப் பற்றிய சண்டை. அக்கா பேசியதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். கைக்குட்டையால் விரல் மையைத் துடைத்தார். "இவ்வளவு நேரம் நான் சொன்னது. இப்ப அக்கா சொல்றாக, கேளுங்க" என்று முழுச் சண்டையையும் முதலிலிருந்து அக்காவாகச் சொன்னார். அந்தக் கதையில் தங்கைக்காரி சரியான பிடாரி. சொல்லி முடிக்கையில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாலையில் அக்காவுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. விசாரணை அறிக்கை எதைக் கொடுத்தாலும், குற்றச்சாட்டு முடிந்த இடத்தில் விரல்களை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "விளக்கத்துக்கு இடம் விடவா சார்?" விடச் சொன்னால் நான்கு வரி இடம் விடுவார். விளக்கம் வந்ததும் அதே தாளை மறுபடி இயந்திரத்தில் ஏற்றி, பிசகாமல் அந்த இடத்தில் அடிப்பார். கடைசியில், தாளின் இடது கீழ் மூலையில், தட்டச்சு செய்தவர் என்பதற்கு அடையாளமாகத் தன் பெயரின் முதலெழுத்துகள். இது எல்லா அலுவலகத்திலும் உள்ள நடைமுறைதான். யாரும் அந்த மூலையைப் பார்ப்பதில்லை.

ஒரு மழைக்காலத்தில், பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் ஒரு மடை மூடாமல் கிடந்து வாழைத் தோட்டத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தோட்டக்காரர்கள் லாரி பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். மடையைத் திறந்து மூடும் பணியாளரை நாங்கள் லஸ்கர் என்போம். அந்தப் பகுதி லஸ்கர் கூடலூர்க்காரர். மேலதிகாரி என்னை நேரில் போய் விசாரித்து அறிக்கை தரச் சொன்னார்.

நான் போகவில்லை. மழை. ஜீப் வேறு வேலையாகப் போயிருந்தது. தோட்டக்காரர்கள் சொன்னதே போதும் என்று தோன்றியது. மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்து எழுதினேன்: 'நான் நேரில் சென்று பார்வையிட்டேன். லஸ்கர் பணியிடத்தில் இல்லை.'

தட்டச்சர் இரண்டாவது வரியில் நிறுத்தினார்.

"சார், நேத்து இங்கனதானே இருந்தீக? பருத்திப்பால் வாங்கியாரச் சொல்லிக் குடிச்சீகளே."

"அது வழக்கமான வாசகம்மா. எல்லா அறிக்கையிலயும் இருக்கும்."

"எது சார் வழக்கம்? போகாம இருக்கிறதா, போனேன்னு எழுதுறதா?"

அடுத்த வரியை விரலால் காட்டினேன். அடித்து முடித்ததும் வழக்கமான கேள்வி வந்தது. "விளக்கத்துக்கு இடம் விடவா?"

"வேண்டாம். இது மாற்றல்தான். தண்டனை இல்லை."

விதியின் சந்து இதுதான். மாற்றல் என்பது தண்டனை அல்ல, நிர்வாக நலன். நிர்வாக நலனுக்கு யாரிடமும் விளக்கம் கேட்கத் தேவையில்லை. இந்தச் சந்து எங்கே திறக்கும் என்று அந்த அலுவலகத்தில் என்னைப் போல அறிந்தவர் இல்லை. லஸ்கரை ஆண்டிபட்டிப் பக்கம் தூக்கிப் போட்டோம். பள்ளத்தாக்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கும் அப்பால். கூடலூரில் அவருக்கு ஒரு திராட்சைப் பந்தல் இருந்தது. ஆள் பக்கத்தில் இல்லாமல் திராட்சை நிற்காது. அடுத்த வருடம் பந்தலைப் பிரித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

உத்தரவு கிடைத்த அன்று அவர் அலுவலகத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். செருப்பை வெளியே விட்டிருந்தார்.

"சார், அங்கன வந்தீகளாம்ல. நான் உங்களைப் பாக்கலையே. எந்த மடைக்கு வந்தீக?"

கோபமே இல்லாத குரல். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சொல்றதை எழுத்துல குடுங்க" என்றேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும் என்பது எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தட்டச்சு இயந்திரம் அதுவரை ஓடாமல் இருந்தது.

நான் ஓய்வு பெறும் ஆண்டில், காலம் முடிந்த கோப்புகளை அழிப்பதற்காகப் பட்டியல் எடுத்தோம். அந்தக் கோப்பும் வந்தது. புரட்டினேன். என் அறிக்கையில் ஒவ்வொரு 'ற'வும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கீழ் மூலை காலி. முன்னும் பின்னும் உள்ள தாள்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எழுத்துகள் இருந்தன. இதில் மட்டும் இல்லை. அடித்துக் கொடுத்தார், பெயர் போடவில்லை. இத்தனை வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை. கோப்பை அழிப்புப் பட்டியலில் சேர்த்துக் கையொப்பமிட்டேன்.

இத்தனையும் தெரிந்த பிறகுதான் நான் கதை எழுதினேன்.

தேனியில் ஒரு நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை இருபது பேர் கூடுவோம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அதாவது நேரமும் மனக்குறையும் நிறைய உள்ளவர்கள். அங்கே என் கதையைப் படித்தேன். கொட்டும் மழையில் ஒரு நேர்மையான கண்காணிப்பாளர் சேற்றில் இறங்கி மடைக்குப் போகிறார். அவர்தான் 'நான்'. மரத்தடியில் லஸ்கர் தூங்குகிறார். அலுவலகத்தில் ஒரு தட்டச்சர், இடுப்பில் கைக்குட்டையோடு, வரிக்கு வரி குறுக்குக் கேள்வி கேட்டு அறிக்கையைத் தாமதிக்கிறார். விவசாயிகள் வாசலில் காத்திருக்கிறார்கள். எழுதும்போது உண்மையாகவே என் கண்கள் கலங்கின. அவ்வளவு நல்லவராக இருந்தார் அந்த 'நான்'.

பலத்த கைதட்டல். வன்பொருள் கடை வைத்திருக்கும் நண்பர் எழுந்து, "அந்த டைப் அம்மாவைப் புழிஞ்சு காயப்போட்டுட்டீக சார்! அந்தக் கைக்குட்டை இருக்கே, அப்பிடியே கண்ணுல நிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் தட்டச்சர் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. புத்தகம் மாற்ற வந்தவராக இருக்கலாம். தலை முழுக்க நரைத்திருந்தது. மடியில் பை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து எழுந்தார்.

"விசாரிக்காம ஆளை முடிச்சுப்புட்டீகளே சார்."

யாருக்கும் புரியவில்லை. அவர் படியிறங்கி, போடி பேருந்து பிடிக்கப் போய்விட்டார். அதன் பிறகு நூலகப் பக்கம் வரவில்லை என்று நூலகர் சொன்னார்.

என்னால் உட்கார முடியவில்லை. நடக்கவும் முடியவில்லை. நடைப்பயிற்சிக்கு என்று கிளம்பிப் பாதியில் திரும்புவேன். காபியை ஆற வைத்துவிட்டுக் கதையை எடுத்துப் பார்ப்பேன். 'சிடுசிடுத்தார்' என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்றிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். கைக்குட்டை தட்டச்சு மையைத் துடைப்பதற்கு என்பது கதையில் எங்கும் இல்லை. ஏதோ அழுக்குப் பழக்கம் போல எழுதியிருந்தேன். கதை மாவட்ட மலர் ஒன்றில் அச்சாவதாக இருந்தது. சொல்லி நிறுத்தி வைத்தேன். ஆசிரியர் காரணம் கேட்டார். "விசாரணை நிலுவையில் இருக்கிறது" என்றேன். ஓய்வு பெற்றவனின் நகைச்சுவை என்று சிரித்தார்.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். அவரைப் பற்றி, விட்டதையெல்லாம் சேர்த்து, இன்னொன்று எழுதுவது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்கு அனுப்பி விளக்கம் கேட்பது. முறைப்படி. இதுவரை நீங்கள் படித்ததுதான் அது. மாசி மாதத்தில் கையால் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 'தங்கள் விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் அனுப்பக் கோருகிறேன்' என்று கடிதத்தின் கீழே எழுதினேன். அப்புறம் வெட்கமாக இருந்தது, 'தயவுசெய்து' சேர்த்தேன்.

பதினைந்து நாள் போயிற்று. நினைவூட்டு ஒன்று. பங்குனியில் நினைவூட்டு இரண்டு. மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் 'விளக்கம் ஏதுமில்லை எனக் கருதி' மேல்நடவடிக்கை எடுக்கலாம் என்பது அலுவலக வழக்கம். மூன்றாவதை எழுதி உறையில் போட்டேன். ஒட்ட மனம் வரவில்லை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போடிக்கே போனேன்.

வீட்டுக் கதவைத் திறந்தவர் அக்கா. அலமாரிச் சண்டையின் மறுதரப்பு. விளிம்பில்லாத மூக்குக்கண்ணாடி வழியாக என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு வேணும்?"

என் பெயரைச் சொன்னேன்.

"ஓ, 'நான் நான்'னு எழுதுற சார் நீங்கதானா?"

"ஆமாம்மா. உங்க தங்கச்சி..."

"கோயிலுக்குப் போயிருக்கா. வர நேரமாகும். அந்தக் காயலான் மிஷினுக்கு ரிப்பன் கிடைக்காம ஒரு மாசமா அலையுறா. ஆபீஸுல கழிச்சுப் போட்டதை ஏலத்துல எடுத்தாந்து, வீட்டுல ஒரு மூலையை அது அடைச்சுக்கிட்டிருக்கு. மதுரையில யார்கிட்டயோ சொல்லி வச்சிருக்கா."

"கோவமா இருக்காகளா?"

"அவளா? எதுக்கு?"

"கதையில அவுகளைக் கொஞ்சம்..."

அக்கா சிரித்துவிட்டார். "அதை வாசிச்சுக் காட்டுனா சார். பிடாரின்னு எழுதியிருக்கீகல்ல? அந்த இடத்துல ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லிப்புட்டீக. சரி, காபி குடிக்கிறீகளா?"

காபி குடித்தேன். உறையைக் கொடுக்காமல் திரும்பினேன். வழியெல்லாம் ஒரே குழப்பம். கோபம் இல்லையென்றால் அன்றைக்கு ஏன் எழுந்து போனார்? யாரை விசாரிக்கவில்லை என்றார்?

சித்திரை பாதி கடந்தது. வீரபாண்டித் திருவிழாவுக்குச் சாலையெல்லாம் சிறப்புப் பேருந்து. தீச்சட்டி எடுப்பவர்களுக்கு வழிவிட்டு நின்றதில் தபால்காரர் பிந்தித்தான் வந்தார். பழுப்பு உறை, முகவரி தட்டச்சில். அதிலேயே 'ற' எட்டிப் பார்த்தது.

உள்ளே கடிதம் இல்லை. நான் அனுப்பியது முழுவதும் சுத்தமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. புதிய ரிப்பன், கருகருவென்று எழுத்து. ஒரு சொல் மாற்றவில்லை. அவரைப் பற்றி நான் எழுதிய எதற்கும் மறுப்பில்லை, திருத்தமில்லை. அவரைப் பொறுத்தவரை அது கேட்கப்பட வேண்டிய கேள்வியே அல்ல போலிருக்கிறது. நான்காவது தாளில், 'தட்டச்சு இயந்திரம் அதுவரை ஓடாமல் இருந்தது' என்ற வரிக்குக் கீழே, நான்கு வரி இடம் விட்டிருந்தார்.

அந்த இடத்தில் ஒரு துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்தியிருந்தார். பென்சில் எழுத்து:

'லஸ்கர் இருக்கிறார். காலையில் கூடலூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். காது நன்றாகக் கேட்கிறது.'

இரண்டு மாதம் நான் தவறான ஆளுக்கு நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். என் கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மரத்தடியில் தூங்கிய மனிதருக்காக அவர் எழுந்து நின்றிருக்கிறார். நானோ அவருடைய கைக்குட்டைக்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன். 'நான்' என்று எழுதிப் பழகியவனுக்கு, எழுதி முடித்த பிறகும் தன்னைச் சுற்றி இரண்டு அடிக்கு மேல் தெரிவதில்லை.

கடைசித் தாளை எடுத்து இடது கீழ் மூலையைப் பார்த்தேன். எழுத்துகள் இல்லை. லஸ்கரின் விளக்கத்தை அடிக்கத் தாளை மறுபடி இயந்திரத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது, பிறகுதான் போடுவார்.

கூடலூருக்குக் காலையில் முதல் பேருந்து எப்போது என்று நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பிறகு, உள்வரவுப் பதிவேடு இல்லாத வீட்டில், உறையின் மேலேயே எழுதினேன்: பதில் பெறப்பட்ட நாள், சித்திரை மாதம், கடைசிச் செவ்வாய்.